ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

"இந்தக் காலத்துல மூஞ்சிக்கு நேரா உண்மை பேச ஒருத்தனுக்கும் வாய் வர்றதில்லை. எல்லாம் பசப்பு!"

கொத்தனார் தன் சான்றிதழை டீச்சரின் மேஜையில் வைத்தார். ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. போன வாரம் வராதவர், இன்று எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில் வந்து நிற்கிறார்.

"என்னய்யா, பேரு தப்பா இருக்கா?"

"மார்க்குதான் தப்பு. வாசிப்புக்கு ஐம்பதுக்கு நாப்பத்தெட்டாம். அடிச்சிட்டு ஃபெயில்னு போடுங்க."

பையை மாட்டிக்கொண்டிருந்த சமையற்கார அம்மா சிரித்துவிட்டாள். "பாஸ் போட்டதுக்குச் சண்டைக்கு வர்ற மனுஷனை இப்பத்தான் பாக்குறேன். எனக்கு முப்பத்தஞ்சுதான். வேண்டாம்னா இந்தப் பக்கம் தள்ளுங்கண்ணே!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகம் சுருங்கி வெளியேறினாள்.

"டீச்சரம்மா, அன்னைக்கு நான் என்ன வாசிச்சேன்?"

"மூணாம் பாடம். தட்டுத் தடங்கல் இல்லாம வாசிச்சீங்களே."

"எங்க வாசிச்சேன்? வாராவாரம் நீங்க சொல்லிக் காதுல விழுந்ததை ஒப்பிச்சேன். விரல் ஒரு வரியில நின்னுது, வாய் வேற வரியில ஓடுச்சு. நீங்களும் பாத்தீங்க. பாத்துட்டுச் சிரிச்சீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "பாத்தேன்யா. இந்த வயசுல ஃபெயில்னு சொன்னா மனசு விட்டுடும், அப்புறம் வரமாட்டீங்கன்னுதான்..."

"நான் கட்டுற சுவத்துக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாப்பாங்க. கோணல்னா இடிச்சிட்டு மறுபடி கட்டுவேன். கொத்தன் மனசு நோகும்னு குண்டு பாக்காம விட்டா, சுவரு யாரு தலையில விழும்? பரீட்சை எதுக்கு வெச்சீங்க? எனக்கு என்ன வரலைன்னு பாக்கத்தானே?"

"கோவிச்சுக்காதீங்க. அடுத்த வாரத்துலேருந்து திரும்ப முதல்லயிருந்து சொல்லித் தர்றேன். வீட்டம்மாவுக்காகவாவது இதை வெச்சுக்குங்க. பரீட்சையன்னைக்கு வாசல்லயே காத்துக்கிட்டு இருந்தாங்க. மார்க்கைக் கேட்டதும் அவங்க முகத்தைப் பாக்கணுமே!"

கொத்தனார் சட்டைப்பையிலிருந்து ஒரு காலிப் புட்டியை எடுத்துச் சான்றிதழின் மேல் வைத்தார்.

"இதுல ஒட்டியிருக்குற சீட்டைப் படிங்க."

"வெளிப்பூச்சுக்கு மட்டும். உட்கொள்ளக் கூடாது." டீச்சருக்கு விளங்கவில்லை. "இதுக்கும் மார்க்குக்கும் என்னய்யா?"

"முன்னெல்லாம் எந்த மருந்தா இருந்தாலும் பக்கத்து வீட்டுல காட்டிக் கேட்டுட்டுத்தான் அவளுக்குக் குடுப்பேன். நாப்பத்தெட்டு வாங்கினதும், 'இனி எதுக்கு ஊரைக் கேக்கணும், நீங்களே படிச்சுக் குடுங்க'ன்னா." அவர் வாசலை நோக்கி நடந்தார். "அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்து ஒன்பது நாள் ஆச்சு."

"ஐயா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று பின்னாலேயே வந்த குரலுக்கு அவர் நிற்கவில்லை.