இரண்டாவது கொசுவலை

கொத்தனார் கொசுவலையை மூன்றாக வெட்டி முடித்த பிறகுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

ஒரு துண்டை மரச்சட்டத்தில் ஆணியடித்து, அதில் மணலையும் கொட்டியாகிவிட்டது. பூச்சு வேலைக்கு இவ்வளவு நைசாகச் சலிக்கும் சல்லடை எந்தக் கடையிலும் கிடைக்காது என்று மனைவியிடம் சொல்வதற்கு ஒரு காரணமும் தயார். நல்ல காரணம்தான். அவருக்கே அதில் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான காரணம் வாசலில் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

மலேரியாக்காரர். ஊருக்கே அவர் அப்படித்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, கையில் டார்ச். வாரம் தவறாமல் வந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் வெளிச்சம் அடித்து, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாசல் சுவரில் பென்சிலால் தேதி போட்டுவிட்டுப் போவார்.

அந்தச் சுவர் கொத்தனார் கண்ணாடி மாதிரி பூசிய சுவர். அதில் அவர் எண்ணெய்த் தலையைச் சாய்த்தாலே சத்தம் போடுகிற மனைவி, அந்தத் தேதிகளை மட்டும் அழிப்பதில்லை.

கையெழுத்தும் அழகாக இருந்து தொலைத்தது.

போன மழைக்கு முந்தின மழையில் அவளுக்கு வந்த குளிர்காய்ச்சல், பதினைந்து நாள் கட்டிலோடு சேர்த்து அவளை உலுக்கிவிட்டுப் போனது. சும்மா போகவில்லை. பின்பக்கம் எழும்பிக்கொண்டிருந்த சின்ன அறையும் அதோடு இடுப்புயரத்தில் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் தன் வீட்டில் கட்டத் தெரியாமல் முழிக்கிறார் என்று சித்தாள்கள் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அன்றிலிருந்து மலேரியாக்காரர் சொன்னதுதான் அவளுக்கு வேதவாக்கு. செங்கல் நனைக்கும் தொட்டியை வாரம் ஒருநாள் வடித்துக் காயவிடச் சொன்னால், காயவிடுவாள். பொழுது சாய்ந்ததும் வலைக்குள் போகச் சொன்னால், போவாள். புருஷன் ஏழு வருடமாகக் கேட்டும் தேநீரில் சர்க்கரையைக் குறைக்காதவள்.

ஒருநாள் கொத்தனாரும் குளித்து, தலையிலிருந்த சிமெண்டைத் தேய்த்து எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். யார் வீட்டில் துக்கம் என்று கேட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் போன வாரம் அவர் வேலையிலிருந்து திரும்பியபோது, அந்த இருவரும் வாசலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. மலேரியாக்காரர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு, பையிலிருந்து புது வலை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு ஒரு வலை என்பதுதான் அரசாங்கக் கணக்கு. அவர்களுடையது ஏற்கெனவே கட்டிலுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் நாலு வீடு ஏறி இறங்கி, பேச்சோடு பேச்சாக விசாரித்தார். யாருக்கும் இரண்டாவது கிடையாது.

அதை அவள் விரிக்கவும் இல்லை. பெட்டியில், கல்யாணத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த புடவையின் மடிப்புக்குள் வைத்திருந்தாள்.

அதைப் பார்த்த கையோடு கத்தரிக்கோலைத் தேடிப் போனார்.

இப்போது மலேரியாக்காரர் பின்பக்கத்துக்கே வந்துவிட்டார். சல்லடையைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவருக்குப் பின்னாலேயே அவளும் வந்து நின்றாள்.

கொத்தனார் வாயைத் திறந்தார். தயாராக வைத்திருந்த காரணம் எங்கோ போய்விட, ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்தது வெளியே வந்தது.

"ஊருக்கெல்லாம் ஒன்னு. எங்க வீட்டுக்கு மட்டும் எதுக்கு சார் ரெண்டு?"

மலேரியாக்காரர் அவளைப் பார்த்தார். தான் சொல்ல வேண்டியது இல்லை என்பது போல டார்ச்சைப் பைக்குள் வைத்தார்.

அவள் கீழே கிடந்த துண்டு ஒன்றை எடுத்து மணலை உதறினாள். இடுப்புயரத்தில் நின்றுபோன சுவரில் உட்கார்ந்து, அதை மடியில் போட்டு நீவிவிட்டாள்.

"உண்டாகியிருக்கவங்களுக்குத் தனியா ஒன்னு குடுப்பாங்க. போன தடவ சொன்ன அன்னிக்கே நீங்க அஸ்திவாரம் தோண்டிட்டீங்க. காய்ச்சல்ல அது தங்கல. இந்தத் தடவ மூணு மாசம் தாண்டட்டும்னுதான் வாயத் தொறக்கல."