மங்கலாக்கிய முகம்

கரையான்சாவடி சாலையில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிறது. ஜூஸ் கடை மேசையில் அதீபாவின் புத்தகம் திறந்து கிடக்கிறது. ஏரிக்கரைக் குடியிருப்பையும் அரசு நிர்வாகத்தையும் பற்றிய அந்த ஆய்வுதான் அவளைப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியை ஆக்கியது. எதிரே தாட்சாயிணி. ஏரிக்கரையில் அரசு இடித்த தன் வீட்டுக்கு மாற்று வீடு கேட்டால், அங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள் அதிகாரிகள்; இந்தப் புத்தகம் சான்றாகும் என்று வந்திருக்கிறாள். "இம்மாம் பெரிய பொஸ்தகத்துல எம் பேரு எங்கம்மா கீது?" மிக்சி இரைந்து ஓய்கிறது. "பேசினவங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு பேரை மாத்திடுவோம்க்கா. இதுல வர்ற மரகதம் நீங்கதான்." "அப்போ மரகதத்துக்கு ஊடு குடுத்துடுவானுங்க!" தாட்சாயிணி சிரிக்கிறாள். அதீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தைப் புரட்டுகிறாள். படத்தில் நீலக் கதவு துல்லியமாகத் தெரிகிறது. வாசலில் நிற்பவளின் முகத்தை மட்டும் அதீபாவே மங்கலாக்கியிருக்கிறாள். அசல் படத்தை ஆய்வு விதிப்படி அழித்தும்விட்டாள். "அய்ய, எங்க கதவு!" கதவைத் தடவிய விரல் முகத்தின்மேல் வந்து நிற்கிறது. ஏதோ ஒட்டியிருப்பதைத் துடைப்பதுபோல, தாட்சாயிணி முந்தானையால் அதை மெல்லத் தேய்க்கிறாள். தாள் நைகிறது. அதீபா தடுக்கவில்லை.