இன்னும் ஒருத்தர் பேசி முடிக்கல

“‘என் குடும்பம்’ ஒரு வாரப் பாடம். மூணு வாரமா நடத்துறீங்க. பாடத்திட்டம் என்ன ரப்பரா மேடம், இழுக்குறதுக்கு?” கல்லூரிக்கு மொழிப் பாடத்திட்டம் வகுக்க வந்த அதிகாரி கேட்டார்.

“இன்னும் ஒருத்தர் பேசி முடிக்கல சார்” என்றாள் ஆசிரியை.

வேலை முடிந்து வந்தவர்கள் புதுமொழி படிக்கும் மாலை வகுப்பு அது. ஜன்னலில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சுக்காரர் எழுந்து, தூக்கத்தில் நடப்பவரைப் போல அந்த மொழியில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“எனக்கு ஒரு மகள். வயது ஆறு. இடி இடித்தால் என் மடியில் ஏறிக்கொள்வாள். இடி நின்றாலும் இறங்க மாட்டாள்.”

ஆசிரியை ஒரு பிழையையும் திருத்தவில்லை. அதிகாரியின் பேனா பாதியில் நின்றிருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, ‘நான்கு வாரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வகுப்பு கலைந்தது. கடைசி பெஞ்சுக்காரர் ஆசிரியையின் பையை வாங்கிக்கொண்டு குடையை விரித்தார்.

“போலாமா? வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு?”

பிறக்காத பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பதினோரு வருடமாகப் பேசியதில்லை. தாய்மொழியில் இருவருக்குமே நா எழாது.

பாதி வழியில் அவள் அந்தப் புதுமொழியில் மெல்லக் கேட்டாள்.

“அவள் என்னைப் போலவா, உங்களைப் போலவா?”