தேடும் வேலைக்கு யார்?

புதிய இயங்குதளம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மனிதர்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி வேலையாட்களிடம் ஒப்படைப்பது ஷெல். ஒரு வேலைக்கு ஒரே ஆள்தான் என்பதில் அது கறாராக இருந்தது. கோப்புகளுக்குள் தேடும் வேலை கேட்டு இரண்டு நிரல்கள் வந்து நின்றன: ஒன்று பழைய தேடி, மற்றது புதுத் தேடி.

"அண்ணனுக்கு வயசாகிப்போச்சு. நான் பத்து மடங்கு வேகம்," என்றது புதுத் தேடி.



"இந்த இயந்திரம் ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் திரை இருண்டுபோகிறது," என்றது ஷெல். "'திரையை அணை' என்று எவனோ எங்கோ எழுதி வைத்திருக்கிறான். எந்தக் கோப்பில் என்று பார்த்து வாருங்கள்."

கண்மூடித் திறப்பதற்குள் புதுத் தேடி திரும்பிவிட்டது. "அப்படி ஒரு வரியே இல்லை."

ஷெல் அசையாமல் காத்திருந்தது. வெகுநேரம் கழித்துப் பழைய தேடி வந்தது.

"இருக்கு. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து மறைத்த கோப்பில், ஏழாவது வரி. இன்னொரு இடத்திலும் இருக்கலாம், அதையும் பார்த்துவிடுகிறேன்," என்று திரும்பி நடந்தது.

"மறைத்து வைத்ததை யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால்தானே இந்த வேகம்!" என்றது புதுத் தேடி.

"போகாததுகூடப் பரவாயில்லை, தம்பி. இல்லை என்று ஏன் சொன்னாய்?" என்றது ஷெல்.

பதில் சொல்லப் புதுத் தேடிக்கு நெடுநேரம் பிடித்தது. அதற்குள் ஷெல் தேடும் வேலைக்குப் பழைய தேடியின் பெயரை எழுதி முடித்திருந்தது.