மண் படாமல்

"எந்திரிச்சு நிக்காத பாப்பா. இரு, பேப்பர விரிச்சுக்கறேன்" என்றார் மாணிக்கவேல்.

ஷூவை மாட்டிக்கொண்டு எழப்போன பூங்கோதை அப்படியே உட்கார்ந்தாள். அப்பா பழைய தினசரி ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, மடிப்பை நீவி, மகளின் காலடியில் விரித்தார்.

கடைக்காரர் அருளானந்தம் சிரித்துவிட்டார். "வெளையாடுறதுக்கு வாங்குற ஷூவுங்க. தரையில வெச்சா தேஞ்சா பூடும்?"

"புதுசு பாருங்க. மனசு வரல."

பூங்கோதை பேப்பர் மேல் நின்று குதிகாலை உயர்த்திப் பார்த்தாள். நாளைக் காலை கடலூரில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு பாஸ்கெட்பால் செலக்ஷன். தேறிவிட்டால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அரசாங்கச் செலவு. ஆனால் ஷூ இல்லாதவர்களை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் இத்தனை நாளும் வெறுங்காலில் ஆடியே குதிகால் சொரசொரத்துப் போனவள் அவள்.

முதலில் அவள் கை போனது ஒரு சிவப்பு ஷூ மேல். விலையைக் கேட்டதும் தானே பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். செராமிக் கம்பெனியில் சூளைக்கு முன்னால் நின்று வேகிற அப்பாவிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்தது மலிவுதான், பார்க்கவும் லட்சணம்; ஆனால் அடிப்பாகம் வழவழவென்று இருந்தது. ஓடுகிற வேகத்தில் திரும்பினால் வழுக்கிவிடும். மூன்றாவதுதான் இது. வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு. மேலே வெறும் ரெக்சின்தான் என்றாலும் அடிப்பாகம் தரையைப் பிடிக்கிற ரகம். கணுக்காலையும் பாதி மூடியது.

"இதுவே போதும்ப்பா."

"கடிக்குதா?"

"இல்லப்பா. எனக்குன்னே தெச்ச மாதிரி இருக்குது."

"இப்ப அப்டித்தான் இருக்கும். வூட்டுக்குப் போனப்புறம் கடிச்சா?" மாணிக்கவேல் கடைக்காரரிடம் திரும்பினார். "அளவு சரியில்லன்னா எடுத்துக்குவீங்கல்ல?"

"பெட்டியோட, பில்லோட, ஒரு மண்ணு படாம கொண்டாங்க. மாத்தித் தரேன். தோதான அளவு இல்லன்னா வாபஸ் எடுத்துக்கிட்டு காசக் குடுத்துடறேன்."

பூங்கோதைக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அப்பாவைக் கோபிக்க மனம் வரவில்லை. ஒரு மாதமாக, 'பொட்டப்புள்ளைக்கு என்ன பந்தாட்டம்' என்று முறைத்துக்கொண்டிருந்தவர், பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து பேசியதும் இறங்கி வந்துவிட்டாரே. திட்டக்குடி அத்தை தன் மகனுக்கு இவளைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பற்றிக்கூட அப்புறம் அவர் பேச்சே எடுக்கவில்லை.

"டீச்சரே வந்து கேக்கறப்ப இல்லன்னு எப்டிங்க சொல்றது?" என்று கடைக்காரரிடமும் சொல்லிக்கொண்டே பில்லைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

வெளியே வந்ததும் பையை சைக்கிளில் மாட்டினார். "புதுசு வாங்கிட்டு சாமி கும்பிடாம வூட்டுக்குப் போவக்கூடாது. வா."

அன்று பிரதோஷம். கோயில் வாசலில் கூட்டம் நெரிந்தது. பெட்டிக்குள் இருந்தாலும் செருப்பு செருப்புதான். உள்ளே கொண்டுபோக முடியாது. பூக்கடை பாஞ்சாலையிடம் பூ வாங்கி, தங்கள் செருப்போடு அந்தப் பையையும் அங்கேயே வைத்தார்கள்.

உள்ளே போனதும் மாணிக்கவேல் ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டார். "முட்டி வலிக்குது பாப்பா. நீ சுத்திட்டு வா."

அந்தப் பெரிய பிராகாரத்தைப் பூங்கோதை நிதானமாகச் சுற்றினாள். நாளைக்குப் போடுகிற பந்தெல்லாம் வளையத்துக்குள் விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். திரும்பி வந்தபோதும் அப்பா அதே தூணடியில் இருந்தார்.

வெளியே செருப்புகள் இருந்தன. பை இல்லை.

"இங்கதாங்க இருந்துச்சு. யாவாரத்துல கவனிக்கலியே" என்று பாஞ்சாலை பதறினாள்.

மாணிக்கவேல் அந்தப் பெண்பிள்ளையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "நம்பித்தான வெச்சுட்டுப் போனோம்? எம்புள்ள வாழ்க்கையே அதுலதான் இருக்குது, தெரியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்ட பாஞ்சாலை, விம்மிக்கொண்டு நின்ற பூங்கோதையின் கையைப் பிடித்தாள். "அழுவாத தாயி. செருப்பு தொலஞ்சா பீடை தொலஞ்சுதுன்னு சொல்லுவாங்க."

ஊரில் யார் செருப்பு தொலைந்தாலும் சொல்கிற ஆறுதல்தான். போட்டுக்கொள்ள இன்னொரு ஜோடி வைத்திருப்பவர்களுக்கு அது செல்லும்.

"நீ வூட்டுக்குப் போ பாப்பா. நான் கடவீதி முழுக்கத் தேடிப் பாத்துட்டு வரேன்" என்று மாணிக்கவேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். வலிக்கிற முட்டியோடு போகிறவரைப் பார்க்க, ஷூ போனதைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வீட்டில் அம்மா கமலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அரிசிப் பானைக்குள் கையை விட்டு, சிறுவாடு சேர்த்த காசு முடிச்சை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"கடை சாத்தறதுக்குள்ள ஓடு. அப்பாவுக்குத் தெரிய வேணாம். பாவம், அந்த மனுசன் எங்கெங்க தேடி அலையுறாரோ."

பூங்கோதை ஓடினாள். கடையில் அருளானந்தம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"அண்ணே, அந்த வெள்ளையில நீலக்கோடு போட்டது... அதே மாதிரி இன்னொண்ணு குடுங்கண்ணே."

"இன்னொண்ணு எதுக்கும்மா? உன்னுதே இந்தா இருக்குது" என்று கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார் அருளானந்தம். "அளவு சரியில்லன்னு அப்பா இப்பத்தான் காச வாங்கிட்டுப் போனாரு. நல்ல மனுசன்ம்மா, சொன்ன மாதிரியே ஒரு மண்ணு படாம கொண்டாந்து குடுத்தாரு."