கயிறு கட்டி இழுத்து வந்த வண்டி

கராஜ்காரர் மஹ்ரூப் பிக்கப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கழற்றிய ஒயில் குழாயை ஜெயராஜின் கண்ணுக்கு நேரே மடக்கிக் காட்டினார்.

இரும்பு முனையோடு ரப்பர் சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மடக்க மடக்க அது வாய் திறந்து மூடியது.

"இதுக்கா அண்ணன் கயிறு கட்டி இழுத்து வந்தீங்க? மெதுவா ஓட்டிட்டே வந்திருக்கலாம். இங்க பல்லேகல வரைக்கும் வர உள்ள ஈக்கிற ஒயிலே போதும்."

ஜெயராஜ், "மத்தக் குழாயையும் மாத்திருங்க" என்றார்.

"அது நல்லாத்தானே ஈக்கி."

"இருந்தாலும் மாத்திருங்க."

மஹ்ரூப் மறுபடியும் அடியில் நுழைந்தார்.

இருபத்தேழு வருடத்துப் பழைய வண்டி. முன்னால் இரண்டு வரிசை ஆசனம், பின்னால் மரக்கறி ஏற்றும் பெட்டி. தெல்தெனியவிலிருந்து தினமும் காலையில் கண்டிக்குப் போய் வந்துகொண்டிருந்த வண்டி, இந்த மூன்று கிழமையாக ஜெயராஜின் வீட்டு வாசலை விட்டு அசையவில்லை. மரக்கறி மச்சானின் லொறியில் போனது. ஜெயராஜ் பஸ்ஸில் போனார், ஒரு நாள் தவறாமல், கண்டி ஆஸ்பத்திரிக்கு.

அங்கே ரிப்கா படுத்திருந்தாள். பல்லேகலவில் உள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள். வயது இருபத்திரண்டு.

மூன்று கிழமைக்கு முன் ஒரு காலை, தெல்தெனிய வீதியின் வளைவொன்றில் அவளுடைய ஸ்கூட்டர் வழுக்கிக் கவிழ்ந்தது. கண்டியில் மரக்கறியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த ஜெயராஜ்தான் முதலில் கண்டார். பின் ஆசனத்தில் கிடத்தி, முறிந்த கால் ஆடாதபடி இரண்டு பக்கமும் வெறும் சாக்குகளை மடித்து வைத்து, ஹோர்னிலிருந்து கையை எடுக்காமலே கண்டிக்குக் கொண்டு போனார்.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர்.

அந்த ஒரு பேச்சோடு ஜெயராஜ் ஊரில் பெரிய மனிதராகிவிட்டார். தேநீர்க் கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ரிப்காவின் உம்மா வெள்ளிக்கிழமைகளில் சோறு கட்டிக் கொடுத்தனுப்பினார். ஜெயராஜ் ஒருமுறையும் அதைப் பிரிக்கவில்லை. அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

இன்று ரிப்கா வீட்டுக்குப் போகிறாள். உங்கட வண்டியில்தான் போவேன் என்று நிற்கிறாள் என்று நேற்று அவளுடைய வாப்பா ஹுஸைன் சொன்னபோது, முடியாது என்று சொல்ல ஜெயராஜுக்கு வாய் வரவில்லை.

புதுக் குழாய்கள் இரண்டும் ஏறின. மஹ்ரூப் ஒயிலை ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அடியில் ஒரு காட்போட் மட்டையை விரித்துப் போட்டார். ஜெயராஜ் முழந்தாளிட்டு அந்த மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் போனது. இஞ்சினைக் கொஞ்சம் முறுக்கச் சொன்னார். இன்னுமொரு முறை முறுக்கச் சொன்னார்.

"இனி ஒழுகாது அண்ணன்" என்றார் மஹ்ரூப். "போன வருஷமே மாத்துங்கன்னு சொன்னேன்தானே. நீங்கதான் வண்டிய ஒரு நாளைக்கும் நிப்பாட்ட ஏலாதுன்னீங்க."

அந்த நேரம் வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. ஹுஸைன் இறங்கி வந்தார். மகளைக் கூட்டிவரச் சேர்ந்து போவதற்காக வெள்ளைச் சாரமும் சட்டையுமாகப் புறப்பட்டு வந்திருந்தார். வந்ததும் ஜெயராஜின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்கு துஆ கேக்கிறோம். அந்த வளைவுல ஒயில ஊத்திட்டுப் போனவனும் மனுஷன், வந்து தூக்கின நீங்களும் மனுஷன்."

ஜெயராஜ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஹுஸைன் நானா, அது ரெண்டும் நான்தான்."

ஹுஸைனுக்கு விளங்கவில்லை. ஜெயராஜ் திரும்பவும் சொன்னார். அன்று காலை கண்டிக்குப் போகும்போது மூட்டைக் கயிறு தளர்ந்ததால் அந்த வளைவில் நிறுத்தியதை, இஞ்சினை நிறுத்தாமலே பத்து நிமிடம் நின்று கயிற்றை இறுக்கியதை, பின்பு திரும்பி வந்து ரிப்காவைத் தூக்கியபோது அதே இடத்தில் சிந்திக் கிடந்த ஒயிலில் தன் செருப்பும் வழுக்கியதை.

அது தன் வண்டியின் ஒயில் என்று அப்போதே தெரியும். மூன்று கிழமையாகத் தெரியும்.

மஹ்ரூப் கை துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹுஸைன் கையை விட்டார். பிக்கப்பைச் சுற்றி முன்பக்கம் போனார். வெள்ளைச் சாரத்தோடு கராஜின் கறுத்த தரையில் முழங்கால் ஊன்றி, குனிந்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்கு அடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கையை நீட்டி மட்டையைத் தடவி, விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒயில் ஒட்டியிருக்கவில்லை.

பிறகு எழுந்து வந்து முன்கதவைத் திறந்தார்.

"முதல்ல புள்ளைய ஊட்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்க" என்றார், ஜெயராஜைப் பார்க்காமல். "அதுக்குப் பொறகு நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஜெயராஜ் ஏறுவதற்காகக் காத்திருந்தார்.