லிங்கநகரில் நிற்கும் ஏசி

“ஏசியில கேஸ் இருக்கு, பெல்ட்டும் இறுக்கமாத்தான் கிடக்கு ஐயா,” என்றான் காரின் பானட்டை மூடிய மெக்கானிக் ஜெமீல்.

சோமசேகரம் எரிந்து விழுந்தார். “அப்ப ஏன் நிக்குது? சீனன்குடாவில நல்லா வேலை செய்யும். லிங்கநகருக்குள்ள வந்தா நிண்டிடும். வேர்வையில இருக்க ஏலாம இந்தக் கறுப்புக் கண்ணாடிய இறக்க வேண்டிக்கிடக்கு. அங்கால போனா திரும்ப வேலை செய்யுது!”

ஓட்டிப் பார்க்க ஜெமீல் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். முன்னால் காரோட்டும் சோமசேகரத்துக்குப் பக்கத்தில் மனைவி இராசமலர் இருந்தாள்.

லிங்கநகர் வந்தது. ஏசி நின்றது.

“பாத்தியே!” என்று கத்திக்கொண்டே சோமசேகரம் கண்ணாடிகளை இறக்கினார்.

“ஐயா, அம்மாதான் சுவிட்ச நிப்பாட்டினவ,” என்றான் ஜெமீல்.

இராசமலர் வெளியே கையசைத்தபடி சீறினாள். “பின்ன? கண்ணாடிய ஏத்திக்கொண்டு போனா, உள்ளுக்க இருக்கிறது நான்தான் எண்டு வாசல்ல நிக்கிற என்ர அக்காவுக்கு எப்பிடித் தெரியும்?”